மூன்று வோல்ட்டில் ஒரு நந்தா விளக்கு

வஹகோட்டை அந்தோனியார் கோயிலில் எரிந்த மெழுகுதிரிகளில் ஒன்றாவது வீடியோ கேமுக்காக ஏற்றப்பட்டது என்பது எனக்குத் தெரியும். ஏற்றியவர் என் நண்பனின் தாயார். காரணம், அவருடைய பன்னிரண்டு வயதுப் பேரனின் மூன்று வார உழைப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காணாமல் போனது.

மாத்தளை மாவட்டத்தில் கலேவெலவுக்குப் பக்கத்தில் இருக்கிறது வஹகோட்டை. 17ஆம் நூற்றாண்டில் கண்டி இராச்சியத்துக்குள் குடியேறிய போர்த்துக்கீசியரின் வழிவந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் இன்றும் அங்கே உண்டு. ஜூன் மாதத் திருவிழாவுக்கு நாட்டின் எல்லாப் பக்கமிருந்தும் சனம் வரும். தொலைந்ததைத் தேடித் தருபவர் அந்தோனியார். மோதிரம், மாடு, கடவுச்சீட்டு, வீட்டை விட்டுப் போன மகன் என்று எல்லாவற்றுக்கும் அங்கே நேர்த்தி உண்டு. கேமுக்கு ஏன் இருக்கக் கூடாது?

விளையாட்டுப் பெட்டி வந்த கதை சாதாரணமானது. ஜப்பானிலிருந்து கொள்கலனில் வரும் பழைய சாமான்களுக்கு நம் நாட்டில் எப்போதும் கிராக்கி. சைக்கிள், தையல் மெஷின், ரைஸ் குக்கரோடு சில சமயம் விளையாட்டுப் பெட்டியும் வரும். நண்பன் வாங்கி வந்தது சூப்பர் ஃபேமிகொம். நிண்டெண்டோ நிறுவனம் 1990 நவம்பர் 21 அன்று ஜப்பானில் 25,000 யென்னுக்கு விற்கத் தொடங்கிய சாதனம். கூடவே ஒரேயொரு கசெட்: 1992இல் வெளிவந்த ‘டிராகன் குவெஸ்ட் 5’. முழுக்க முழுக்க ஜப்பானிய மொழி.

ஜப்பான் பெட்டியை இங்கே ஓட வைப்பதே ஒரு வேலை. அவர்களுக்கு 100 வோல்ட், நமக்கு 230. நேராகச் செருகினால் அடாப்டர் புகைந்துவிடும். இடையில் ஒரு ட்ரான்ஸ்ஃபோமர் வேண்டும். அன்டெனா வயரில் கொடுத்தால் நம் டிவியில் படம் அகப்படாது. ஏன் என்பதற்கான விடை ரீகண்டிஷன் கார் வாங்கிய எல்லாருக்கும் அரைகுறையாகத் தெரியும். பழைய ஜப்பான் காரின் எஃப்.எம். 90 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும், நம் நிலையங்களைக் கேட்க ‘எக்ஸ்பாண்டர்’ போட வேண்டும், இல்லையா? 90க்கு மேலே இருந்த இடத்தை ஜப்பான்காரர்கள் டிவிக்குக் கொடுத்திருந்தார்கள். அவர்களுடைய முதலாம் சேனல் 90 முதல் 96 வரை. அந்தப் பெட்டி படத்தையும் சத்தத்தையும் அனுப்புவது அங்கேதான். நம் வீட்டு ரேடியோவை 95.75க்குப் பக்கத்தில் திருப்பி வைத்தால், டிவியில் வராத கேமின் இசை ரேடியோவில் கேட்கும். நண்பன் கடைசியில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரை வாங்கிப் பிரச்சினையைத் தீர்த்தான்.

படம் வந்தது, பையன் விளையாடினான், இரவு ஒன்பது மணிக்கு அம்மா நிறுத்தச் சொன்னார். அப்போதுதான் சிக்கல். சேவ் செய்வது எப்படி?

மெனுவில் ஆறேழு வரிகள் இருந்தன. ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தான். எதுவும் சேவ் இல்லை. வேறு வழியில்லாமல் ஒரு தந்திரம் செய்தான்: டிவியை மட்டும் அணைத்தான், பெட்டியைக் கரண்டிலேயே விட்டுவிட்டுப் படுக்கப் போனான். மறுநாளும் அப்படியே. இந்தத் தந்திரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கின் திறவுகோல் இதுதான்.

நான்காம் நாள் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். திரையில் ஒரு கட்டடம், உச்சியில் சிலுவை. “அது கோயில்தானே தம்பி, உள்ள போகாம ஏன் சுத்திச் சுத்தி வர்ற?” என்று கேட்டிருக்கிறார். பையன் போனான். உள்ளே ஒரு குருவானவர். பேசினால் ஒரு பட்டியல் வந்தது. போனின் கேமராவை அதற்கு நேரே பிடித்து மொழிபெயர்த்துப் பார்த்தார்கள். முதல் வரி: ‘ஜெபம் செய்’.

இந்தக் கேமில் சேவ் செய்வது என்பது அதுதான். கோயிலுக்குப் போய் ஜெபம் செய்தால், நீ இதுவரை நடந்ததை எல்லாம் ‘சாகச நூலில்’ எழுதி வைக்கட்டுமா என்று குருவானவர் கேட்பார். அதற்கு விடை சொல்ல இரண்டே சொற்கள். ‘ஹை’ என்றால் ஆம், ‘இய்யே’ என்றால் இல்லை. பையன் மொழி படிக்கவில்லை, எண்ணிப் பார்த்தான்: ஆம் என்பது இரண்டு எழுத்து, இல்லை என்பது மூன்று எழுத்து. இரண்டு குச்சிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது போன்ற எழுத்து ‘ஆ’மில் கடைசியில் வரும், ‘இல்லை’யில் முதலிலேயே இரண்டு தடவை வரும். பள்ளிக்கூடத்தில் இரண்டு மொழியோடு ஆங்கிலத்தையும் சுமக்கும் பிள்ளைக்கு இது பெரிய விஷயமில்லை.

அவனைத் தடுக்கி விழுத்தியது பொத்தான். பக்கத்து வீட்டு பிளேஸ்டேஷனில் ‘சரி’ என்பதற்குக் கீழே இருக்கும் பொத்தானை அழுத்திப் பழகியவன் அவன். சூப்பர் ஃபேமிகொமில் ‘சரி’ வலப்பக்கத்து ஏ பொத்தான். கீழே இருக்கும் பி ‘வேண்டாம்’. அவன் கட்டைவிரல் இரண்டு நாள் ஜெபத்தை ஆரம்பித்து இரண்டு நாளும் ரத்து செய்துகொண்டிருந்தது. இதில் ஒரு வேடிக்கை: பிளேஸ்டேஷனும் ஜப்பானில் பிறந்ததே. அங்கே வட்டம்தான் ‘சரி’, பெருக்கல் குறி ‘தவறு’. பரீட்சைத் தாளில் ஜப்பான் ஆசிரியர் போடும் குறிகள் அவை. மேற்கு நாடுகளுக்குப் போனபோது பெருக்கல் குறி ‘சரி’யாகிவிட்டது. 2020இல் பிளேஸ்டேஷன் 5 வந்தபோது ஜப்பானிலும் அதையே வைத்துவிட்டார்கள்.

ஒரு வழியாக நூலில் பதிவு விழுந்தது. மூன்று வாரம் நாள்தோறும் ஜெபம். பழைய பழக்கத்தில் பெட்டியை மட்டும் அணைக்கவே இல்லை.

பிறகு 2025 பெப்ரவரி 9. ஞாயிறு, காலைப் பூசை முடிந்து சனம் வீடு திரும்பிய நேரம். பதினொன்றரை மணியளவில் நாடு முழுவதும் கரண்ட் போனது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ட்ரான்ஸ்ஃபோமரில் பட்டுவிட்டது என்று அமைச்சர் விளக்கம் கொடுத்தார். உலகச் செய்திகளில் எல்லாம் அந்தக் குரங்கு வந்தது. வஹகோட்டையில் நடந்த இழப்பு எந்தச் செய்தியிலும் வரவில்லை. கரண்ட் திரும்பி வந்ததும் பையன் பெட்டியைப் போட்டான். சாகச நூல் இல்லை.

“அங்கிள், கோயில்ல ஆம்னு தானே அழுத்தினேன். எங்க போச்சு?” என்று போனில் கேட்டான். குரல் உடைந்திருந்தது.

எங்கே போயிற்று என்பதற்கு முன்னால், எங்கே இருந்தது என்று பார்க்க வேண்டும்.

ஆரம்பத்தில் அது எங்கேயும் இருக்கவில்லை, விளையாடுபவரின் கொப்பியில்தான் இருந்தது. 1983இல் வந்த முதல் ஃபேமிகொமின் கசெட்டுகள் அச்சடித்த புத்தகம் போன்றவை: படிக்கலாம், எழுத முடியாது. 1986 மே மாதம் முதலாவது ‘டிராகன் குவெஸ்ட்’ வந்தபோது ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். நிறுத்தும்போது மன்னர் ஒரு ‘உயிர்ப்பிக்கும் மந்திரம்’ சொல்வார். 20 ஜப்பானிய எழுத்து. அதை எழுதி வைத்து அடுத்த நாள் அப்படியே உள்ளிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மந்திரத்துக்குள்ளே இருப்பது கணக்கு. மொத்தம் 64 எழுத்துகளில் ஒன்றைத் தேர்வது என்றால், இரண்டை ஆறு தடவை பெருக்கினால் 64, ஆக எழுத்துக்கு 6 பிட். 20 எழுத்துக்கு 120 பிட். வீரனின் பெயர், காசு, ஆயுதம், திறந்த கதவு எல்லாம் அந்த 120 ஆம்-இல்லைகளுக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பாகத்தில் மந்திரம் 52 எழுத்து வரை நீண்டது. ஓர் எழுத்து பிசகினாலும் எல்லாம் போச்சு. ஜப்பானில் அந்தத் தலைமுறை இதைச் சொல்லி இன்றும் புலம்பும்.

இதையே தமிழில் செய்திருந்தால்? நமக்கு 247 எழுத்து. எழுத்துக்கு 8 பிட்டுக்குச் சற்றே குறைவாகத் தேறும். அவர்களுடைய 20 எழுத்து மந்திரம் நமக்கு 16 எழுத்தில் முடிந்திருக்கும். 52 எழுத்து 40 ஆகியிருக்கும். உயிர்மெய் என்பது சிக்கனமான ஏற்பாடு. ஆனால் ‘ர’வுக்கும் காலுக்கும் வித்தியாசம் தெரியாமல் கொப்பியில் எழுதிவிட்டு, ‘எ’யா ‘ஏ’யா என்று காலையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றிருப்போம்.

1988 பெப்ரவரியில் வந்த மூன்றாம் பாகத்தில் மந்திரம் ஒழிந்தது. கசெட்டுக்குள்ளேயே சிறு நினைவகச் சில்லும் அதற்கு ஒரு பட்டன் பேட்டரியும் வைத்துவிட்டார்கள். வஹகோட்டைக் கசெட்டுக்குள் இருந்ததும் அதே ஏற்பாடுதான்.

எஸ்-ரேம் என்று சொல்லப்படும் இந்தச் சில்லுக்குள் ஒரு பிட் எப்படி உட்கார்ந்திருக்கிறது? இரண்டு பிடிவாதக்காரர்களை எதிரெதிரே நிற்க வையுங்கள். விதி ஒன்றே: எதிரே இருப்பவன் கையைத் தூக்கினால் நீ இறக்க வேண்டும், அவன் இறக்கினால் நீ தூக்க வேண்டும். இடப்பக்கத்தவன் கையைத் தூக்கினால் வலப்பக்கத்தவன் இறக்குவான். அவன் இறக்கியிருப்பதால் இவன் தூக்கிக்கொண்டே நிற்பான். நிலைமை பூட்டிக்கொண்டது. வெளியிலிருந்து ஒருவர் வந்து பலவந்தமாக மாற்றினால் மட்டும் மறுபக்கமாகப் புரண்டு, அப்படியே மறுபடி பூட்டிக்கொள்ளும். முதல் நிலை 1, மற்றது 0. எக்கிள்ஸ், ஜோர்டன் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் 1918இல் வால்வுக் குழாய்களை வைத்துக் காப்புரிமை கேட்ட சுற்று இதன் மூதாதை. சில்லில் ஒரு பிட்டுக்கு ஆறு டிரான்சிஸ்டர். சில வகைகளில் நான்கும் இரண்டு மின்தடைகளும். 8 கிலோபைட் சில்லு என்றால் 65,536 பிட். ஆறு ஆறாகக் கணக்கிட்டால் 3,93,216 டிரான்சிஸ்டர்.

இங்கே கவனிக்க வேண்டியது: எங்கேயும் எதுவும் எழுதப்படவில்லை. கல்லில் வெட்டவில்லை, தாளில் மை இல்லை. ஆட்கள் நின்றுகொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். நிற்பதற்கு அவர்களுக்குச் சாப்பாடு வேண்டும். பெட்டி ஓடும்போது அது 5 வோல்ட் கொடுக்கும். அணைத்த பிறகு கசெட்டின் பட்டன் பேட்டரி 3 வோல்ட் கொடுக்கும். சில்லு உறங்குநிலையில் 2 வோல்ட் அளவிலும் பிழைத்துக் கிடக்கும்.

சோழர் காலக் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக்கு நிவந்தம் விட்ட செய்தி நிறைய வரும். அணையாமல் எரிய ஒரு விளக்குக்கு 96 ஆடு என்பது பல கல்வெட்டுகளில் காணும் கணக்கு. அந்த ஆடுகளுக்குப் பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. ஆடு சாகாதா? சாகும். குட்டி போட்டு மந்தையின் எண்ணிக்கை குறையாமல் இருக்க வேண்டும் என்பதுதான் ஒப்பந்தம்; நெய் நின்றால் விளக்கு நின்றுவிடும். விளக்குக்குச் செலவு உண்டு என்று தெரிந்தவர்கள் அதற்கு ஒரு வற்றாத வருமானத்தைக் கட்டி வைத்தார்கள். கசெட் செய்தவர்கள் கட்டி வைத்தது ஒரேயொரு ஆடு. அது குட்டி போடாது.

எவ்வளவு காலம் தாங்கும்? சி.ஆர். 2032 வகை லித்தியம் பேட்டரியில் ஏறக்குறைய 220 மில்லியாம்பியர்-மணி சத்து உண்டு. உறங்கும் சில்லு ஒரு மைக்ரோஆம்பியர் உறிஞ்சுகிறது என்று வைத்துக்கொண்டால் 2,20,000 மணி நேரம், 25 வருடம். 1992 கசெட்டுக்கு அந்தக் கணக்கு 2017இல் முடிகிறது. நிஜத்தில் முப்பது வருடம் தாண்டியும் உயிரோடு இருப்பவை உண்டு, பதினைந்தில் போனவையும் உண்டு. சூடு ஒரு காரணம். டிரான்சிஸ்டர்களின் கசிவு மின்னோட்டம் ஒவ்வொரு 10 பாகை செல்சியஸ் ஏற்றத்துக்கும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஹொக்கைடோ வீட்டு அலுமாரியில் கிடந்த கசெட்டும் கலேவெலப் பக்கத்துத் தகரக் கூரைக்குக் கீழே கிடக்கும் கசெட்டும் ஒரே வேகத்தில் மூப்படையாது. கடிகாரம் வைத்த கசெட்டுகள் இன்னும் சீக்கிரம் போகும். 1999இல் வந்த போக்கிமொன் ‘கோல்ட்’, ‘சில்வர்’ கசெட்டுகளுக்குள் ஒரு படிகம் வினாடிக்கு 32,768 தடவை அதிர்ந்து நேரம் காத்துக்கொண்டிருந்தது. அதற்கும் அதே பேட்டரிதான் படியளக்க வேண்டும்.

இப்போது வழக்குக்கு வருவோம். அடுத்த வாரம் நான் போனேன். பெட்டியைப் போட்டதும் தலைப்பு வருவதற்கு முன் ஒரு இசை ஒலித்தது. இழவு வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி ஓர் இசை, கூடவே ஒரு செய்தி.

“இது என்ன தம்பி?”

“ஆரம்ப மியூசிக் அங்கிள். வாங்கின அன்னைக்கும் இப்பிடித்தான் வந்துச்சு.”

அது ஆரம்ப இசை இல்லை. வருந்துகிறோம், இன்ன எண் சாகச நூல் அழிந்துவிட்டது என்ற அறிவிப்பு. ஜப்பானில் ஒரு தலைமுறையையே அலற வைத்த அறிவிப்பு. பேட்டரி முதல் நாளே செத்திருக்கிறது; கசெட் அதை முதல் நாளே சொல்லியும் இருக்கிறது. படிக்கத்தான் ஆள் இல்லை. மூன்று வாரமும் நூலைத் தாங்கி நின்றது பையன் அணைக்காமல் விட்ட பெட்டியின் 5 வோல்ட். அந்த மூன்று வாரத்தில் அந்தப் பக்கம் ஒரு தடவைகூடக் கரண்ட் போகவில்லை என்பது, 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேர வெட்டைப் பார்த்த நாட்டில், தனியாக ஒரு புதுமை. குரங்கு செய்ததெல்லாம் உண்மையை வெளியே கொண்டு வந்தது மட்டும்தான்.

நூல் அழிந்ததைக் கசெட் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று பையன் கேட்டான். கூட்டிப் பார்த்துத்தான். சேவ் செய்யும்போது எல்லா எண்களையும் கூட்டி, விடையையும் கூடவே எழுதி வைக்கும். திறக்கும்போது மறுபடி கூட்டும். விடை பொருந்தாவிட்டால் நூலைக் கிழித்துப் போடும். சில கேம்கள் இன்னும் ஜாக்கிரதை. ‘சூப்பர் மாரியோ வேர்ல்ட்’ கசெட்டில் இருப்பது 2 கிலோபைட் சில்லு. ஒரு ஆட்டக்காரருக்கு 143 பைட். அதில் கடைசி 2 பைட் சரிபார்ப்புக் கூட்டல். மூன்று பேருக்கு மூன்று பிரதி, அந்த மூன்றுக்கும் இன்னொரு நகல். ஒன்று கெட்டால் மற்றதிலிருந்து எடுத்துக்கொள்ளும். அந்த விளையாட்டை முழுதாக முடித்தவரின் பெயருக்கு நேரே வரும் எண் 96 என்பதை, மேலே சொன்ன ஆட்டுக் கணக்கை நினைத்துச் சிரித்துக்கொண்டே குறிப்பிடுகிறேன். இரண்டுக்கும் சம்பந்தம் ஏதுமில்லை.

கூட்டல் எதற்கு என்றால், அணைக்கும் கணம் ஆபத்தானது. வோல்ட் சட்டென்று பூச்சியத்துக்கு விழுவதில்லை, சறுக்கிக்கொண்டு போகும். அந்த நொடியின் சிறு துண்டில் பாதி மயக்கத்தில் இருக்கும் செயலி என்ன செய்கிறோம் என்று தெரியாமல் நினைவகத்தில் கண்ட இடத்தில் எதையாவது எழுதிவிடலாம். ஃபேமிகொமில் ‘டிராகன் குவெஸ்ட் 3’ மன்னர், ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே மின்சாரத்தை நிறுத்து என்று உத்தரவு போடுவது இதனால்தான். ரீசெட் அழுத்தியிருக்கும் வரை செயலியின் கைகள் கட்டப்பட்டிருக்கும்.

பாட்டி செவ்வாய்க்கிழமை மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்திருந்தார். அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம். அந்தப் பதிவு எங்கேயும் ஒளிந்துகொண்டிருக்கவில்லை, அதுவாக நின்றுகொண்டிருந்த ஆட்கள் கலைந்துவிட்டார்கள் என்று, பிடிவாதக்காரர் கதையைச் சொல்லி விளக்கினேன். பாட்டி கேட்டுவிட்டு, “அந்தோனியார் தொலைஞ்சதைத்தான் தேடித் தருவார் தம்பி. இல்லாம போனத இல்ல” என்றார். எஸ்-ரேம் பற்றி இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் படித்ததில்லை.

கலைந்த பிறகு மறுபடி கரண்ட் வரும்போது ஒவ்வொரு சோடியும் ஏதாவது ஒரு பக்கம் விழும். எந்தப் பக்கம் என்பதைத் தீர்மானிப்பது இரண்டு பேருக்கும் உடம்பில் இருக்கும் மிகச் சிறிய ஏற்றத்தாழ்வு. தயாரிப்பில் வந்த குறை. ஆகவே ஒவ்வொரு சில்லும் விழிக்கும்போது பெரும்பாலும் தனக்கே உரிய ஒரு கோலத்தில் விழிக்கும். அதைச் சில்லின் கைரேகையாகப் பயன்படுத்திப் பாதுகாப்புச் சாவிகள் செய்கிறார்கள். பையனின் வீரன் இருந்த இடத்தில் இப்போது இருப்பது அந்தக் கைரேகை.

சாப்பாடே கேட்காத நினைவகம் அப்போது இல்லையா? இருந்தது. டோஷிபாவில் வேலை செய்த ஃபுஜியோ மசுவோகா 1984இல் உலகுக்குச் சொன்ன ஃப்ளாஷ் நினைவகம் எலெக்ட்ரான்களைக் கண்ணாடி போன்ற ஆக்சைடு சுவருக்குள் சிறை வைக்கிறது. பேட்டரி வேண்டாம், வருடக்கணக்கில் கிடக்கும். ஆனால் ஒவ்வொரு தடவை எழுதும்போதும் சுவர் தேயும். 1994 டிசம்பரில் பிளேஸ்டேஷன் 128 கிலோபைட் மெமரி கார்டோடு வந்தபோது, கேமை வைத்த இடம் வேறு, நினைவை வைத்த இடம் வேறு என்றாகி, பட்டன் பேட்டரியின் காலம் முடியத் தொடங்கியது. எனக்கென்னவோ கசெட்டின் மீதுதான் பாசம். இரவல் கொடுத்தால் உங்கள் கதையும் சேர்ந்து போகும்.

பேட்டரி மாற்றினோம். கசெட்டின் ஆணி சாதாரண திருப்புளிக்கு மசியாது. பேனாக் கூட்டின் நுனியை நெருப்பில் இளக்கி, ஆணித் தலையில் அழுத்தி, ஆறவிட்டுத் திருப்பினால் கழன்று வரும். உள்ளே பேட்டரிக்கு மீட்டர் வைத்தேன்: 0.9 வோல்ட். தகடு பற்ற வைத்த புதிய பேட்டரி கண்டியில் கிடைத்தது. ரேடியோ திருத்தும் பாஸ் ஒருவர் பத்து நிமிடத்தில் சோல்டர் செய்து முடித்தார். வெறும் பேட்டரியில் நேரடியாகச் சூட்டுக்கோல் வைக்கக் கூடாது, வெடிக்கும் என்று பையனுக்கு எச்சரித்தும் விட்டார். பையன் கசெட்டின் பின்பக்கம் நீலப் பேனாவால் திகதி எழுதினான். பிறகு முதல் ஊரிலிருந்து மறுபடி தொடங்கி, கோயிலுக்குப் போய், ஜெபம் செய்து, இரண்டெழுத்து விடையை வலப்பக்கப் பொத்தானில் அழுத்தி, முதல் தடவையாகப் பெட்டியை அணைத்தான். ஒரு நிமிடம் கழித்துப் போட்டோம். இழவு இசை வரவில்லை.

உங்கள் வீட்டுப் பரணில் இந்த வகைக் கசெட் கிடந்தால் இந்த வாரமே மீட்டர் வைத்துப் பாருங்கள். 2.5 வோல்ட்டுக்குக் கீழே வந்துவிட்டால் தாமதிக்க வேண்டாம். உள்ளே பழைய சேவ் உயிரோடு இருந்தால், பழைய பேட்டரியைக் கழற்றுவதற்கு முன்பே வேறொரு 3 வோல்ட்டைப் பக்கவாட்டில் இணைத்துவிடச் சொல்லுங்கள். இந்த வேலை தெரிந்த பாஸ்மார் இன்னும் இருக்கிறார்கள்.